வீடும் குளமும்: வன்னி வீட்டுத்திட்டங்களின் பொருத்தப்பாடு குறித்து

வன்னியின் வவுனியாவில் ஒரு வீட்டுத்திட்டம் அறிவிக்கப்படும்போதெல்லாம், இது இந்த ஊருக்கும் மண்ணுக்கும் பொருந்துமா என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. கேள்வி புதியதல்ல. 1930களின் குடியேற்றத் திட்டங்களிலிருந்து 2016இல் பெரும் வாதத்தைக் கிளப்பிய உலோகப் பொருத்து வீடுகள் வரை ஒவ்வொரு காலத்தாரும் அதற்குத் தத்தம் விடையைச் சொல்லியிருக்கிறார்கள். பொறியியலாளரின் விடையும் வனத் துறையினரின் விடையும் ஒன்றல்ல. தகரக் கொட்டிலில் பத்து மாரியைக் கழித்த குடும்பத்தின் விடை இரண்டிலிருந்தும் வேறு. அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறுகின்றன என்பதை இக்கட்டுரை பார்க்கிறது. வீடு எப்படி இருக்கவேண்டும் என்ற விவாதம் வன்னியில் ஓரளவு முதிர்ந்துவிட்டது. வீடு எந்த நிலத்தில், எந்த நீர்வழியில் நிற்கிறது என்ற விவாதம் இன்னும் தொடக்கத்தில்தான் இருக்கிறது என்பது இதன் கணிப்பு.

நிலத்தின் அமைப்பு

வவுனியா மாவட்டத்தின் பரப்பு 1,967 சதுர கிலோமீற்றர். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் கொட்டித் தீர்ந்துவிடும். யாழ்ப்பாணத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல் இருப்பதுபோல இங்கே இல்லை. பழைய படிகப் பாறையும் அதன்மேல் உக்கிய மண்படையும்தான். அந்தப் படை தாங்குகிற அளவுக்கே கிணற்றில் நீர் நிற்கும். ஆடி, ஆவணியில் பல கிணறுகள் அடிகாணும். நிலத்தடி நீரில் புளோரைட்டு மிகுதியாக உள்ள இடங்களும், காரணம் இன்னும் முழுதாகத் தெளியாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவிய பகுதிகளும் இம்மாவட்டத்தில் உண்டு. வெங்கலச்செட்டிகுளம் பிரிவு அவற்றுள் ஒன்று.

இத்தகைய நிலத்தில் குடியிருப்பைச் சாத்தியமாக்கியது குளம். ஒரு பழைய குளக்கிராமத்தை மேலிருந்து கீழாக நடந்து பார்த்தால் அதன் ஒழுங்கு விளங்கும். உச்சியில் காடு, மழைநீரைப் பிடித்து மெல்லக் கீழே விடுவது அது. அதன் கீழே நீர் ஏறி இறங்கும் அலைகரை. கோடையில் மாடு மேயும், மாரியில் நீருக்குள் போகும். பிறகு குளம், கட்டு, வயலுக்கு நீர் விடும் துருசு, ஒரு பக்கத்தில் மிகைநீர் வழியும் வான். கட்டுக்குக் கீழே வயல். குடிமனைகள் பெரும்பாலும் கட்டின் ஓரத்து மேட்டுக்காணியில், வெள்ளம் ஏறாத உயரத்தில், ஆனால் குளத்துக் கசிவு கிணற்றுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும். வான் பாய்ந்த நீர் வாய்க்கால் வழியே அடுத்த குளத்துக்குப் போய்ச் சேரும். ஆகவே ஓர் ஊரின் வீடுகள் எங்கே அமைகின்றன என்பது கீழே உள்ள ஊரின் நீரையும் தீர்மானிக்கிறது.

வைரவபுளியங்குளம், பண்டாரிக்குளம், வேப்பங்குளம், நெளுக்குளம், கூமாங்குளம் என்று இன்று நெருக்கமான குடியிருப்புகளாகிவிட்ட நகரப்புறப் பகுதிகள் பலவும் இப்படியான குளங்களைச் சுற்றி எழுந்தவை.

வெற்று நிலம் என்ற எண்ணம்

முதலாவது நிலைப்பாடு வன்னியை ஆளற்ற நிலமாகக் கண்டது. காலனித்துவ அதிகாரி ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைநூல் காய்ச்சலும் உடைந்த குளங்களும் மெலிந்த ஊர்களும் நிறைந்த பிரதேசத்தைப் பதிவு செய்தது. அது அந்த நேரத்து உண்மை. ஆனால் அந்தப் படம் பிற்கால நிர்வாகிகளின் மனதில் நிலத்தின் நிலையான இயல்பாகவே உறைந்துவிட்டது. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரச காணியை விவசாயக் குடும்பங்களுக்குப் பேர்மிட் அடிப்படையில் பகிர வழிசெய்தது. 1940களின் நடுப்பகுதிக்குப் பின் டி.டி.ரி. தெளிப்பால் மலேரியா அடங்கியது. பாவற்குளம், வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற குளங்கள் புனரமைக்கப்பட்டு, அவற்றின் கீழ் குடும்பத்துக்கு இத்தனை ஏக்கர் வயல், இத்தனை மேட்டுக்காணி என்று அளந்து கொடுக்கப்பட்டது.

இதன் பலத்தை மறுக்க முடியாது. நிலமற்ற பல குடும்பங்கள் இதனால்தான் காணியும் வாழ்வும் பெற்றன. ஆயினும் புவியியலாளர் பி. எச். ஃபார்மர் 1957இல் வெளியிட்ட விரிவான ஆய்வு தொடங்கி இத்திட்டங்கள்மீது கேள்விகள் தொடர்ந்தன. வாய்க்கால் ஓரமாக ஒரே அளவில் வெட்டப்பட்ட துண்டுகளில் வீடுகள் நீண்டு கிடந்தன. கிணறு, பள்ளிக்கூடம், கோயில், கடை ஆகியவற்றைச் சுற்றிக் கூடிவாழும் ஊர் உடனே உருவாகவில்லை. மேலும், ஆளில்லை என்று குறிக்கப்பட்ட நிலத்துக்கு அயலில் உரிமையும் நினைவும் உள்ள மக்கள் இருந்தார்கள். மணலாறு 1980களில் சிங்களக் குடியேற்றத்தோடு வெலிஓயாவாக மாறிய வரலாறு, குடியேற்றம் என்பது நீர்ப்பாசன விடயமாக மட்டும் இருந்ததில்லை என்பதற்குக் கடுமையான சான்று. பொருத்தப்பாடு பற்றிப் பேசுகிறவர் யாருக்குப் பொருத்தம் என்பதைத் தவிர்த்துவிட்டு இங்கே பேச இயலாது.

இதே காலத்தில் வேறொரு முயற்சியும் வவுனியாவை மையமாகக் கொண்டு நடந்தது. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் முன்னின்ற காந்தியம் இயக்கம், 1977 வன்செயலால் விரட்டப்பட்ட மலையக மக்களை இப்பகுதிக் கிராமங்களில் குடியமர்த்தியது. பெரிய குளத்தையும் பெரிய திட்டத்தையும் நம்பாமல் சிறு பண்ணை, பாலர் பாடசாலை, கூட்டுழைப்பு என்ற வழியை அது தேர்ந்தது. 1983இல் அது அரசால் ஒடுக்கப்பட்டது. அந்த வழி காலப்போக்கில் நிலத்தோடு எப்படி ஒட்டியிருக்கும் என்று அறியும் வாய்ப்பு அத்துடன் போயிற்று. இந்த வரலாற்றில் மிகவும் வருத்தம் தருகிற இடைவெளி இது.

யார் கட்டுவது?

இரண்டாவது வாதம் நிலத்தை விட்டு வீட்டைக் கட்டுகிறவர்மீது கவனத்தைத் திருப்பியது. அன்றைய பிரதமர் ஆர். பிரேமதாசாவின் நூறாயிரம் வீட்டுத் திட்டம் (1978–83) பெரும்பாலும் அரசே கட்டிக் கொடுக்கும் முறையில் தொடங்கியது. பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் (1984–89) குடும்பத்துக்குச் சிறு கடன் கொடுத்து, கட்டுவதை அவர்களிடமே விட்டது. பயன்படுத்துகிறவரே தீர்மானிக்கவேண்டும் என்று கட்டடக் கலைஞர் ஜோன் டர்னர் போன்றோர் 1970களில் முன்வைத்த கருத்துக்கு இலங்கையில் கிடைத்த பெரிய அரங்கு இது.

போர் முடிந்தபின் இந்த முறையே மீண்டது. 2009இல் மெனிக் பாம் முகாமில் ஒரு கட்டத்தில் போரில் இடம்பெயர்ந்த இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தார்கள். செட்டிகுளப் பகுதியில் காடு வெட்டி அமைத்த அந்த முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. மீள்குடியேறியவர்களுக்கான இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரும்பகுதி 2012 ஒக்டோபரில் தொடங்கியது. வீடு ஒன்றுக்கு 5,50,000 ரூபாய், பயனாளியின் வங்கிக் கணக்கில், வேலை முன்னேற முன்னேறக் கட்டம் கட்டமாக. மேசனைத் தேடுவதும் கல் அரிவதும் மேற்பார்வை செய்வதும் குடும்பத்தின் பொறுப்பு.

பயன் கண்கூடானது. அறைகளின் திசை, சாமியறை, வெளியே தள்ளிய அடுப்படி, முன் விறாந்தை ஆகியவற்றைக் குடும்பமே முடிவு செய்தது. பணம் உள்ளூரிலேயே சுழன்றது. குறைகளும் சிறியவையல்ல. சீமெந்தும் மணலும் மரமும் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் தேவைப்பட்டதால் விலை ஏறியது. கொடுத்த தொகை போதாமல் நகையை அடகு வைத்தவர்களும் கடன் கம்பனிகளிடம் மாட்டிக்கொண்டவர்களும் பலர். பயனாளிகளைத் தெரிந்தெடுத்த புள்ளி முறையில் தனித்து வாழ்கிறவர்களும் சிறு குடும்பங்களும் பின்தள்ளப்பட்டதாக முறைப்பாடுகள் எழுந்தன. காணி இல்லாதவருக்கு இந்தத் திட்டத்தில் இடமே இல்லை. சூழல் நோக்கில் இன்னொன்றையும் சேர்க்கவேண்டும். வீடுதோறும் குடும்பம் தீர்மானிக்கும் முறையில், ஆற்று மணல் எவ்வளவு போகிறது, மரம் எங்கிருந்து வருகிறது என்ற கூட்டுக் கணக்கை எவரும் வைத்திருப்பதில்லை. மண்ணை அழுத்திச் செய்யும் கற்கள், மணலையும் சீமெந்தையும் குறைக்கும் கட்டுமுறைகள் ஆகியவற்றைச் சில நிறுவனங்கள் அறிமுகப்படுத்தின. அவை பரவலான வழக்கமாகவில்லை. சீமெந்துக் கல் வீடுதான் கௌரவமான வீடு என்ற உணர்வும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

பொருத்து வீட்டு வாதம்

வீட்டின் பொருத்தப்பாடு வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மிகக் கூர்மையாக விவாதிக்கப்பட்டது 2015 முதல் 2017 வரைதான். மீள்குடியேற்ற அமைச்சு வடக்கு கிழக்கில் 65,000 வீடுகளை உலோகப் பொருத்து வீடுகளாக அமைக்க முன்வந்தது. ஆர்சலர் மிட்டல் நிறுவனம் தேர்வு செய்யப்பட்டது. முதலில் பேசப்பட்ட விலை வீடு ஒன்றுக்குச் சுமார் 21 இலட்சம் ரூபாய். தளபாடம், எரிவாயு அடுப்பு, தொலைக்காட்சி என்பனவும் அதில் அடக்கம். விரைவு அதன் முதல் வாதம்: ஏழாண்டுகளாகத் தகரத்தின் கீழ் இருக்கிறவர்களுக்கு இன்னும் பத்தாண்டு காத்திருக்கச் சொல்ல முடியுமா? அது அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடிய வாதமன்று.

எதிர்ப்பு பல திசைகளிலிருந்து வந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த துறைசார் அறிஞர்கள் மாதிரி வீடுகளை ஆராய்ந்து, அத்திவாரத்தின் போதாமை, காற்றோட்டக் குறைவு, விறகடுப்புக்கு வழியின்மை, நாளடைவில் துருப்பிடித்தல் போன்ற குறைகளைச் சுட்டினார்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர் எம். ஏ. சுமந்திரனும் வட மாகாண முதலமைச்சர் சி. வி. விக்னேஸ்வரனும் எதிர்த்தார்கள். பொருளியல் நோக்கில் எழுதியோர், இதில் பாதிக்கும் குறைவான செலவில் கல் வீடு கட்டலாம், கட்டுமான வேலையும் ஊராருக்கே கிடைக்கும் என்று காட்டினார்கள். திட்டத்தின் அளவு முதலில் சுருக்கப்பட்டது. பின்னர் அது கைவிடப்பட்டது. 2018இல் சீன நிறுவனமொன்றுக்கு 40,000 வீடுகளை ஒப்படைக்கும் யோசனையும் கல் வீடே வேண்டும் என்ற கோரிக்கையில் தடைப்பட்டது.

இந்த வாதத்தை உன்னிப்பாகப் பார்க்கவேண்டும். வீடு என்றால் கூரையும் சுவரும் மட்டுமல்ல, இன்னொரு அறை சேர்க்க முடிவது, சுவரில் ஆணி அடிக்க முடிவது, உடைந்தால் ஊர் மேசனே திருத்த முடிவது என்பவையும் அதில் அடங்கும் என்று மக்களே பொது வெளியில் நிறுவிய தருணம் அது. உச்சி வெயிலில் உலோகச் சுவரும் தாழ்ந்த கூரையும் என்ன செய்யும் என்பதை விளக்க அவர்களுக்கு நிபுணர் தேவைப்படவில்லை. அந்த வெற்றி மதிப்புக்குரியது.

ஆனால் அதன் எல்லையும் அங்கேயே தெரிகிறது. வாதம் முழுவதும் ஒரு வீட்டின் சுவருக்குள்ளேயே நடந்தது. கல்லா, உருக்கா என்று இரு தரப்பும் மோதிக்கொண்டபோது, 65,000 வீடுகள் எந்தக் குளங்களின் நீரேந்து பரப்பில் நிற்கப்போகின்றன, அவற்றின் கிணறும் மலக்குழியும் எங்கே தோண்டப்படும், மழைநீர் எந்த வாய்க்காலில் இறங்கும் என்பவை அரிதாகவே கேட்கப்பட்டன. கல் வீடு வென்றதும் பொருத்தப்பாட்டுக் கேள்வியே முடிந்துவிட்டதுபோல் ஒரு தோற்றம் உண்டாகிவிட்டது.

காட்டின் தரப்பு

மூன்றாவதான சூழலியலாளர் நிலைப்பாடு நேர் எதிர் முனையிலிருந்து வருகிறது. இலங்கையில் எஞ்சியுள்ள பெரும் வறள் வலயக் காடுகளில் கணிசமான பங்கு வன்னியில் உள்ளது. யானை வழித்தடங்களும் இங்கே உண்டு. காட்டோரத்தில் போடப்படும் ஒவ்வொரு குடியிருப்பும் பயிரழிவையும் உயிரிழப்பையும் கூட அழைத்துவரும் என்பது அவர்கள் எச்சரிக்கை. வவுனியா வடக்கில் மின்வேலியோடு வாழ்கிறவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

அயல் மாவட்டமான மன்னாரில் இந்த மோதல் நீதிமன்றம் வரை போனது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களை வில்பத்துவின் வடக்கே மீள்குடியேற்றக் காடு அழிக்கப்பட்டதை எதிர்த்துச் சுற்றாடல் நீதிக்கான மையம் தொடுத்த வழக்கில், மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 நவம்பரில் கல்லாறு வனப் பகுதி அழிப்பு சட்டவிரோதமானது என்று தீர்த்தது. முன்னாள் அமைச்சர் ஒருவரின் செலவில் மீள மரம் நடவும் கட்டளையிட்டது. காட்டுக்குக் கிடைத்த முக்கியமான தீர்ப்பு இது. எனினும் இருபது ஆண்டுகள் ஊரை விட்டு விரட்டப்பட்டவர் திரும்பும்போது அவர் காணியில் மரம் வளர்ந்திருக்கும். அதைக் காடு என்று வரைபடம் சொல்லும், தோட்டம் என்று அவர் சொல்வார். வவுனியா வடக்கிலும் முல்லைத்தீவிலும் தமிழ் விவசாயிகள் வன வளத் திணைக்களத்தின்மீது வைக்கும் முறைப்பாடும் இதே சாயலுடையதுதான். மக்கள் இல்லாத காலத்தில் எடுத்த வரைபடத்தை நிலத்தின் இயற்கை நிலையாகக் கொள்வது இந்தத் தரப்பின் பலவீனம். 1895இன் கைநூலை வாசித்தவர்களுக்கு நேர்ந்த பிழைக்கும் இதற்கும் அதிகத் தூரமில்லை.

குளத்தை அலகாகக் கொள்வோர்

நான்காவது பார்வை குளத்தொடரை அடிப்படையாக எடுக்கிறது. புவியியலாளர் சி. எம். மத்தும பண்டார 1985இல், சிறு குளங்கள் தனித்தனியானவையல்ல, ஒரே நீரேந்து படுகையில் கோத்த தொடர் என்று விளக்கியபின் இது வலுப்பெற்றது. 2017இல் ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் இலங்கையின் குளக்கிராமத் தொடரை உலக விவசாய மரபுரிமையாக ஏற்றது. ஒரு வீட்டுத்திட்டத்தை இந்தக் கண்ணால் பார்த்தால் கேள்விகளே மாறிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. இருபது பேர்ச் காணி என்பது ஏறத்தாழ 506 சதுர மீற்றர். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 74 அடி. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி என்பது பரவலாகச் சொல்லப்படும் நியதி. தன் காணிக்குள் ஒருவர் இதைக் கடைப்பிடிக்கலாம். ஆனால் அடுத்த காணிக்காரர் தன் குழியை வேலியோரத்தில் தோண்டினால் அது இவர் கிணற்றுக்கு இருபது அடியில் வந்துவிடும். எல்லாக் காணிகளிலும் கிணறு வீதியோர மூலையில், குழி அதற்கு எதிரான பின் மூலையில் என்று ஒரே ஒழுங்கில் வகுத்தால் இடைவெளி கிடைக்கும். குடும்பம் குடும்பமாகத் தீர்மானித்தால் கிடைக்காது. பாறை வெடிப்புகளினூடாக நீர் விரையும் இடத்தில் 50 அடியும் போதாமற் போகலாம். பயனாளியே கட்டும் முறையின் சிறப்பான சுதந்திரம் இந்த ஒரு விடயத்தில் உதவாது. திட்டத்தின் வரைபடம் முன்கூட்டியே நிலத்தைப் படித்திருக்கவேண்டும்.

இந்தப் பார்வைக்கும் பலவீனங்கள் உண்டு. ஆய்வுகளில் பெரும்பாலானவை அனுராதபுர மாவட்டத்தைச் சார்ந்தவை. வன்னிக் குளங்களுக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பது இடத்துக்கு இடம் பார்க்கவேண்டியது. பழைய குளக்கிராமத்தை இலட்சிய உலகாகச் சித்திரிக்கும் போக்கும் இருக்கிறது. யாருக்குக் கட்டோரக் காணி, யாருக்குக் கடைசி மூலை என்பதைச் சாதி தீர்மானித்த உலகமும் அதுவே. இன்றைய வவுனியாவோ இடப்பெயர்வு உருவாக்கிய நகரம். பூந்தோட்டம், சிதம்பரபுரம் போன்ற முகாம்களின் வழியாக வந்தவர்களும், மலையகத்திலிருந்து வந்தவர்களும், நகரின் விளிம்பில் கிடைத்த இடத்தில் வேலி அடைத்தவர்கள். அலைகரையில் வீடு கட்டாதே என்று அவர்களிடம் சொல்வதற்கு முன், மேட்டுக்காணியில் அவர்களுக்கு இடம் காட்டவேண்டும். அதே வேளை, நகரக் குளத்தின் ஒரு பகுதி மண் நிரப்பிப் பூங்காவாக்கப்பட்டபோது எழுந்த மக்கள் எதிர்ப்பு, குளத்தைச் சுருக்குகிறவர்கள் ஏழைகள் மட்டுமல்ல என்பதையும் காட்டியது.

சட்டத்தின் அளவுகோல்

தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வெளியான வர்த்தமானி, 1,000க்கு மேற்பட்ட குடியிருப்பு அலகுகளுக்கும், ஒரு ஹெக்டேயருக்கு மேல் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கும் சூழல் மதிப்பீட்டைக் கோருகிறது. நூறு குடும்பங்களுக்கு மேற்பட்ட கட்டாய மீள்குடியேற்றமும் அதில் அடங்கும், அவசர நிலைமைகளைத் தவிர. வன்னியில் நடந்தவற்றில் பெரும்பகுதி அந்தத் தவிர்ப்புக்குள் போயிற்று என்று கருத இடமுண்டு. மாதிரிக் கிராமம் என்று 25, 50 வீடுகளாக வருபவை எண்ணிக்கை வரம்பைத் தொடுவதே இல்லை. வயலை நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் தடை வைத்திருக்கிறது. ஆனால் அலைகரை, நீர்வழி, வயல், காடு ஆகியவை வெவ்வேறு திணைக்களங்களின் கையில் உள்ளன. ஒரே குளத்தொடரில் பத்துச் சிறு திட்டங்கள் சேர்ந்து என்ன செய்கின்றன என்று பார்க்கும் கடமை எவருக்கும் தெளிவாக இல்லை.

முடிவாகாதவை

இதுவரை கிடைத்த சான்றுகளைக் கொண்டு சிலவற்றை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். பயனாளி பங்கெடுத்துக் கட்டும் வீடு, மேலிருந்து இறக்கப்படும் வீட்டைவிட வன்னிக் குடும்ப வாழ்வுக்கு நன்றாகப் பொருந்துகிறது. நிதி போதாதபோது அதே முறை கடனாகத் திரும்புகிறது; 2019 ஆட்சி மாற்றத்துக்குப்பின் அரசின் தவணைப் பணம் நின்று அரைச் சுவரோடு கிடந்த வீடுகள் இதற்குச் சாட்சி. காட்டைக் காப்பதையும் வெளியேற்றப்பட்டவரின் உரிமையையும் எதிரெதிராக நிறுத்தும் வாதங்கள், போர்க்காலத்துக்கு முந்திய காணிப் பதிவுகளையும் வான்படங்களையும் சேர்த்து வாசிக்காதவரை நம்பத்தக்க முடிவைத் தரமாட்டா.

அதற்கப்பால் பலவும் திறந்தே கிடக்கின்றன. நகரத்துக்குப் பேராறு நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்நீர் கிடைக்கும் இடங்களில் கிணற்றின் பங்கு குறையும்போது, குளத்தைக் காக்கும் அக்கறையும் குறையுமா என்பது ஒன்று. மாடி வீட்டுத் தொகுதி நிலத்தை மிச்சம் பிடிக்குமா, அல்லது மாடும் கோழியும் மரமும் சேர்ந்த வாழ்வாதாரத்தை முறிக்குமா என்பது இன்னொன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கி அருவியாற்றுப் படுகையில் பெருவெள்ளம் வந்தபின், மாரி மழையின் பழைய கணக்கை வைத்து வெள்ள மட்டம் குறிப்பது இனியும் சரியா என்பதும் தீரவில்லை. எல்லாவற்றிலும் கடினமானது, ஏற்கனவே அலைகரையில் வேரூன்றிவிட்ட குடும்பங்களைப் பற்றியது: அவர்களின் காணியை உறுதிப்படுத்துவதா, மாற்றுக்காணி கொடுப்பதா, கொடுப்பதானால் எந்தக் குளத்தின் எந்தப் பக்கத்தில் கொடுப்பது என்பதற்குப் பிரதேச செயலகமும் கமநல சேவை நிலையமும் வன வளத் திணைக்களமும் ஒரே வரைபடத்தை விரித்துவைத்துப் பதில் தேடும் ஏற்பாடு இன்னும் உருவாகவில்லை.